பதினொரு பேர் தேய்த்த கார்

கலியாணமான ஏழு வருடங்களில் என் கணவரும் நானும் போட்ட சண்டைகளில் பாதிக்கு மேல் ஒரு காரைப் பற்றியவை. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரை இல்லாத, நிலத்தோடு ஒட்டியபடி ஓடும் பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் அது. மலைநாட்டில் எந்தத் தோட்டத் துரையோ ஓட்டித் திரிந்து, பிறகு கைமாறிக் கைமாறி, கடைசியில் பாசிக்குடாப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கோழிகள் அடையும் கூடாக நின்றது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த என் கணவர் அதை உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வளவில் இறக்கினார். கூடவே ஒரு கோழியும் வந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே வளவு என்னுடையது, கொட்டில் என்னுடையது, கொட்டிலில் எதை நிறுத்துவது என்று சொல்லும் உரிமையும் என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“என்ட வளவுக்க ஏன் இந்தச் சக்களத்தியக் கொண்டந்தீங்க?” என்று முதல் நாளே கேட்டேன்.

“சக்களத்தியெண்டா சோறு குடுக்கணும் புள்ள. இதுக்குக் கிறீஸ் காணும்” என்றார்.

அவரிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளை அடக்கிவிட்டு வந்தால், வீட்டில் இந்த ஒரு பிள்ளையை அடக்க முடியாது. மூன்று வருடம் அவர் தகரம் தட்டினார். துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் ஒட்டினார். எஞ்சினைக் கழற்றி என் சமையலறைத் தரையில் பரப்பினார். அது ஒரு நாள் இருமி இருமி ஓடத் தொடங்கியபோது, பக்கத்து வீட்டு ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. ஆங்கிலப் புத்தகம் ஒன்றிலிருந்து கிழித்த படம் ஒன்றைக் கொட்டிலின் மரக் கப்பில் ஒட்டியிருந்தார். அதில் அதே கார், கரும்பச்சை நிறத்தில். பெயின்ட் அடித்தால் வேலை முடிந்தது என்ற கட்டத்தில் நாட்டில் சண்டை மறுபடி தொடங்கியது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மின்சாரம் போனது. என் பள்ளிக்கூடம் அகதி முகாமானது. எங்கள் வளவின் பின்வேலிக்கு அப்பால் வாவி, வாவிக்கு அப்பால் வவுணதீவு. அங்கே எங்கள் வட்டை, அம்மா வழியில் எனக்கு வந்த வயல், கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் விதைக்க ஆளில்லாமல் கிடந்தது. அக்கரை இயக்கத்தின் கையில், இக்கரை ஆமியின் கையில். நடுவில் தண்ணீர் மட்டும் யாருடையதும் இல்லை என்பதுபோல் கிடந்தது.

ஒரு நாள் விடியும் வெள்ளாப்பில் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆம்பிளைகள் எல்லாரையும் விளையாட்டு மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். முகம் மூடிய ஒருவன் ஜீப்புக்குள் இருந்து சிலருக்குத் தலையாட்டினான். அவன் தலையாட்டிய பன்னிரண்டு பேரை ட்ரக்கில் ஏற்றினார்கள். என் கணவர் சாரத்தோடும் டிப்போச் சட்டையோடும் ஏறினார். “விசாரிச்சிட்டு விடுவம்” என்றார்கள். அவர் என்னைப் பார்த்துக் கையால் ஏதோ காட்டினார். அடுப்பை அணைக்கச் சொன்னாரா, வீட்டுக்குப் போகச் சொன்னாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பிறகு நாங்கள், அந்தப் பன்னிரண்டு பேரின் பெண்கள், ஒவ்வொரு நாளும் காம்ப் வாசலுக்குப் போனோம். பதினொரு பெண்கள். ஒருத்திக்கு இரண்டு மகன்மார் போயிருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும் அவவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாசலில் நிற்கும் ஆமிக்காரன் “நாளைக்கு” என்பான். நாளைக்குப் போனாலும் “நாளைக்கு” என்பான். வெயிலில் நின்று நின்று எங்கள் நிழல் அந்த மண்ணில் படிந்திருக்கும்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். வீடு சோதிக்க வந்த ஆமிக்காரர்களோடு அந்தக் காம்பின் பெரியவரும் வந்தார். கொட்டிலுக்குள் போனவர் திரும்பி வரவில்லை. நான் பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சுவாமி சிலையைத் தொடுவதுபோல் கதவில் கை வைத்தார். கப்பில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். “யாருடையது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“என் கணவருடையது. அவர் உங்களிடம்தான் இருக்கிறார்” என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. என் கணவரின் பெயரைக் கேட்டுச் சின்னக் கொப்பி ஒன்றில் எழுதினார். பிறகு சிங்களத்தில் ஏதோ சொன்னார். கொஞ்சம் தமிழ் தெரிந்த ஆமிக்காரன் ஒருவன் அதை எனக்குச் சொன்னான்: “சேர் சொல்றது, கார் முடிக்க. இந்தப் படம் மாதிரிப் பச்சை. காம்புக்குக் கொண்டு வர. பிறகு சேர் பார்க்கும்.”

அவ்வளவுதான். புருசனை விடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பெயரை எழுதினாரே. எழுதிய கொப்பியைச் சட்டைப் பைக்குள் வைத்தாரே. முங்குகிறவளுக்குக் கயிறா பாம்பா என்று பார்க்க நேரமிருக்கிறதா? பெயின்ட் வாங்கவும் வீதிச் சென்றிக் காவலரண்களைத் தாண்டவும் ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தந்தார். நான் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

பெயின்ட் அடிப்பதற்கு என் கணவர் ஏற்கெனவே ஆள் பேசி வைத்திருந்தார். காத்தான்குடியில் இருந்த ஒரு பெயின்டர். டிப்போ பஸ்களுக்குப் பெயின்ட் அடிக்க வந்து சிநேகமானவர். இருவரும் மச்சான் மச்சான் என்றுதான் பேசிக்கொள்வார்கள். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் எனக்கு அவர் காக்கா. ஆனால் அந்த வருடம் எங்கள் ஊர்களுக்கும் அவர்களுடைய ஊர்களுக்கும் இடையில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, அந்த வீதியால் இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கமும் போவதில்லை. சைக்கிளில் இருபது நிமிடத் தூரம் அது. அதுவரை மீனும் நெல்லும் தயிரும் போய் வந்த வீதி. இப்போது நாய்தான் போய் வந்தது.

நான் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு தனியே நடந்து போனேன். கடைகளில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. காக்காவின் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டுப் பிளேன்டீ தந்தா. காக்காவின் தம்பி அந்த வருடம் செத்து மையத்தானது எனக்கு அங்கே வைத்துத்தான் தெரியும். எப்படி என்று நான் கேட்கவில்லை. தேத்தண்ணீர் முடிகிறவரைக்கும் மூன்று பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“பெயின்ட் அடிச்சுத் தாறனெண்டு மச்சானுக்குச் சொல்லியிரிக்கன்” என்றார் கடைசியில். “சொன்னாச் செய்யணுந்தானே தங்கச்சி. நாளைக்கு வாறன்.”

வந்தார். தினமும் வந்தார். சைக்கிள் கரியரில் பட்டி டின்னும் தகட்டுக் கரண்டியும் கட்டிக்கொண்டு, காலை வந்து பின்னேர அஸர் தொழுகைக்கு முன் போய்விடுவார். அவருடைய ஊரிலும் அவருக்கு ஏச்சு விழுந்திருக்கும். எங்கள் ஊரில் அவர் வரும்போது படலைகள் சாத்தப்படும் சத்தம் எனக்குக் கேட்டது.

காருக்குப் பெயின்ட் அடிப்பது என்பது அடிப்பதல்ல, தேய்ப்பது. இது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பள்ளமான இடங்களில் பட்டி வைத்து, காய்ந்தபின் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டும். கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தாலும் உள்ளங்கைக்கு மேடு தெரியும். மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. நானும் காக்காவும் ஒரு கிழமை தேய்த்து ஒரு கதவைக்கூட முடிக்கவில்லை.

எட்டாம் நாள் காலை அக்கா கொட்டிலுக்குள் வந்தா. இரண்டு மகன்மாரைப் பறிகொடுத்தவ. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் குந்தினா.

“அந்தக் கடதாசில ஒண்டு தாங்க டீச்சர்” என்றா. “காரக் கொண்டுபோகக்குள்ள என்ட பொடியன்மார்ட பேரையும் சொல்லுங்க.”

மறுநாள் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். அந்தக் கிழமை முடிய முன் பத்துப் பேரும் வந்துவிட்டார்கள். நான் எல்லாப் பெயர்களையும், தகப்பன் பெயர் வயது எல்லாம் போட்டு, ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் எழுதினேன். பள்ளிக்கூட வரவு இடாப்பு எழுதிப் பழகிய கை. பன்னிரண்டு பெயர்கள், கோடு போட்ட தாளில், பிழையில்லாமல்.

காரைப் பகுதி பகுதியாகப் பங்கிட்டுக்கொண்டோம். அக்காவுக்கு இடது கதவு. எதிர்வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கு, அவளுக்குக் குனிய ஏலாது என்பதால், பொனட். வீச்சுவலைக்காரரின் மனைவிக்குப் பின்பக்கம். வாழ்க்கையில் காரில் ஏறியே இராத பெண்கள். மீன் செதில் சுரண்டியும் பாய் இழைத்தும் பழகிய கைகள் அவை. மேடு பள்ளம் அந்தக் கைகளுக்கு உடனே பிடிபட்டது. “இவங்கட கைக்கு முன்னால என்ட கை என்ன கை” என்று காக்கா சொன்னார். பெண்கள் முதலில் அவரோடு பேசவில்லை. கேட்க வேண்டியதை என்னிடம் கேட்பார்கள், நான் அவரிடம் கேட்பேன், ஒரே கொட்டிலுக்குள். நான் இரண்டு நாட்டுத் தூதர்போல் நடுவில் நின்றேன்.

விசிறிப் பெயின்ட் அடிக்கக் காற்று வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் காற்றுக்கு எங்கே போவது? காக்காவுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. லொறிச் சக்கரத்தில் காற்றை இறுக அடைத்து, அதிலிருந்து ஒரு குழாயை விசிறும் கருவிக்கு எடுத்தால், காற்று தீருமட்டும் அடிக்கலாம். டவுனில் டயர் ஒட்டும் கடை ஒன்றில் எண்ணெய் எஞ்சினில் ஓடும் காற்றடிக்கும் மெசின் இருந்தது. நாங்கள் இரண்டிரண்டு பேராகச் சக்கரங்களை டவுனுக்கு உருட்டிப் போய், காற்றடைத்து, திரும்ப உருட்டி வந்தோம். ஒரு சக்கரக் காற்றுக்கு ஒரு கதவு. பொனட்டுக்கு இரண்டு சக்கரம்.

ஒரு முறை சென்றியில் நின்ற ஆமிக்காரப் பொடியன், டயருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வால்வு ஊசியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் துண்டை எடுத்துக் காட்டுவதற்குள் காற்று முழுவதும் போய்விட்டது. “ஒரு கதவு போச்சு டீச்சர்” என்றா அக்கா. ஏனோ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவவும் சிரித்தா. வீதியில் சக்கரத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரும்வரை சிரித்தோம். பிறகு இருவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. வீடு வரும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடிப்பூச்சு முடிந்தபோது மாரி தொடங்கிவிட்டது. காக்கா வானத்தைப் பார்த்தார், வாவியைப் பார்த்தார்.

“இந்த ஈரக் காத்துக்க நிறம் அடிச்சாப் பெயின்ட் வெள்ளை பூக்கும் தங்கச்சி. தை பிறக்கட்டும்.”

நான் பெண்களிடம் சொன்னேன். தைக்கு இன்னும் எவ்வளவு நாள் என்று அவர்கள் விரலில் எண்ணினார்கள். ஒருத்தி அழத் தொடங்கினாள். அன்று மழை விட்டு நல்ல வெயில் எறித்தது. மறுநாளும் எறித்தது. காக்கா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, பெயின்டைக் கரைத்தார். ஒன்பது சக்கரக் காற்றில் அந்தக் கார் கரும்பச்சையானது. நான் அதற்குமுன் அதை அழகென்று நினைத்ததில்லை. அன்று நினைத்தேன். என் சக்களத்தி அழகிதான்.

பின்னேரம் வாவிப் பக்கமிருந்து ஈரக் காற்று எழும்பியது. காலையில் போய்ப் பார்த்தபோது, பொனட்டிலும் இடது கதவிலும் திருநீறு பூசியதுபோல் வெள்ளை பூத்திருந்தது. பெண்கள் வருமுன் காக்கா வந்துவிட்டார். விரலால் தொட்டுப் பார்த்தார்.

“பரவால்ல தங்கச்சி. இப்பிடியே குடுங்க” என்றார். “பெயின்ட் நல்லாத்தான் பிடிச்சிரிக்கு. மேல மட்டுந்தான் பூத்திரிக்கு. வெயில் காலம் வந்தா, ரெண்டு நாளுல பொலிஷ் போட்டு எடுத்திரலாம். நானே காம்புக்குப் போய்ச் செஞ்சு குடுப்பன். இண்டைக்கே கொண்டுபோங்க.”

“ஏலா” என்றேன்.

“ஏன்?”

“பெரியவருக்குக் கோபம் வரும். திரும்பத் தேய்ச்சு அடிப்பம்.”

அவர் இடது கதவையும் தொட்டுப் பார்த்தார். “அதுக்குப் பத்து நாளாவது போகும். இந்த மழைக்க இன்னும் கூடவும் போகும். யோசிங்க” என்றார். நான் யோசித்துவிட்டேன் என்றேன்.

இதை இப்போதுதான் எழுதுகிறேன். பெரியவரின் கோபத்துக்காக நான் அப்படிச் சொல்லவில்லை. அத்தனை நாள் தேய்த்ததில் எனக்குள் ஒரு காட்சி வளர்ந்துவிட்டிருந்தது. காம்ப் வாசல் திறக்கிறது, என் கணவர் வெளியே வருகிறார், வெளியே இந்தக் கார் நிற்கிறது, அவர் என்னைப் பார்க்கமுன் காரைப் பார்க்கிறார். மூன்று வருடம் ஏசித் தீர்த்த நான் அதை முடித்து வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் பொனட்டில் வெள்ளை பூத்திருக்கக் கூடாது. ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. அவர் வாயடைத்து நிற்க வேண்டும். ஒரே ஒரு முறை அவரிடம் பதில் இல்லாமல் போக வேண்டும். அதற்காகத்தான்.

பெண்கள் வந்தார்கள். அக்கா பார்த்துவிட்டு, “வெள்ளை பூத்தா என்னகா, பச்சைதானே? கொண்டுபோவம்” என்றா. மற்றவர்களும் அதையே சொன்னார்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தது. காக்கா அப்போது கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றார்.

“காக்காதான் சொல்றார்” என்றேன். “இப்பிடிக் குடுத்தாப் பெயின்ட் கழண்டு போகுமாம். திரும்பத் தேய்க்கட்டாம்.”

வேலை தெரிந்தவரின் வார்த்தைக்கு மறுபேச்சில்லை. பத்துப் பேரும் குந்தினார்கள். தாங்களே மட்டமாக்கிய கதவுகளைத் திரும்பவும் தேய்த்தார்கள். பச்சைத் தண்ணீர் கொட்டில் தரையில் ஓடியது. காக்கா திரும்பி வந்து அவர்கள் தேய்ப்பதைப் பார்த்தார். தானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு குந்தினார். நான் அவர் பெயரில் என்ன சொல்லிவைத்தேன் என்று அவருக்குத் தெரியாது.

மழை விட்டு விட்டுப் பெய்தது. வெயிலுக்குக் காத்திருந்து, அடித்து, காயவைத்து, பொலிஷ் போட்டு முடிக்கப் பன்னிரண்டு நாள் போனது. முடிந்தபோது அதில் என் முகம் தெரிந்தது. காக்கா அன்று பின்னேரமே சைக்கிளில் போய்விட்டார். “மச்சான் வந்தாச் சொல்லியனுப்புங்க” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை காரைத் தள்ளிக்கொண்டு போனோம். பெற்றோல் இல்லை, எங்களில் ஓட்டத் தெரிந்தவளும் இல்லை. டீச்சர்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும் என்று என்னை உள்ளே ஏற்றிவிட்டார்கள். பத்துப் பெண்கள் தள்ள, நான் என் கணவரின் இருக்கையில், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், கலியாணப் பொம்பிளைபோல் இருந்தேன். பிள்ளைத்தாய்ச்சியும் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தள்ளினாள். வீதியில் சனம் ஒதுங்கி நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. பட்டியல் என் மடியில் இருந்தது.

காம்ப் வாசலில் தமிழ் தெரிந்த அந்த ஆமிக்காரன் நின்றான். காரைக் கண்டதும் அவன் முகம் மாறியது.

“அந்த சேர் இல்ல” என்றான். “மாத்தலாகிப் போனது. நாலு நாள் முந்தி.” பிறகு, எதற்காகச் சொன்னானோ, இதையும் சொன்னான்: “போற வரைக்கும் கேட்டது. கார் வந்ததா, கார் வந்ததா எண்டு.”

புதிதாக வந்த பெரியவரைக் கூப்பிட்டார்கள். அவர் காரைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் நீட்டிய பட்டியலை வாங்கி மேலிருந்து கீழே ஒரு தரம் வாசித்தார். “இந்தப் பெயர்களில் இங்கே ஒருவரும் இல்லை” என்று சொல்லித் தாளை மடித்துத் திருப்பித் தந்தார். வாசலை மறிக்க வேண்டாம், காரை அகற்றுங்கள் என்றார்.

திரும்பித் தள்ளிக்கொண்டு வந்தோம். வரும் வழியில் அவரவர் வீட்டு ஒழுங்கை வர, ஒவ்வொருத்தியும் காரிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போனாள். சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஒவ்வொரு ஒழுங்கை தாண்டும்போதும் கார் கனத்தது. நான் இறங்கித் தள்ளினேன். கடைசியில் அக்காவும் நானும் மட்டும் அதைக் கொட்டிலுக்குள் சேர்த்தோம்.

அக்கா கதவில் சாய்ந்து மூச்சு வாங்கினா. பிறகு, “பன்னிரண்டு நாள்” என்றா. “அந்தக் காக்கா மட்டும் திரும்பத் தேயுங்கெண்டு சொல்லாட்டி, பெரியவர் போக முந்தியே குடுத்திரிப்பம்.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ‘அவர் சொல்லவில்லை அக்கா, நான்தான்.’ இவ்வளவுதான். என் வாய் திறந்தது. பன்னிரண்டு பேரின் உயிரையும் என் தலையில் வைத்துக்கொண்டு அந்த ஒழுங்கையில் நான் எப்படி இருப்பேன் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாளில் அது ஊர்ப் பேச்சானது. கிணற்றடியில் அது வளர்ந்தது. பெயின்ட் வெள்ளை பூக்கும் என்று தெரிந்தே அடித்தானாம். வேண்டுமென்றுதான் நாளை இழுத்தானாம். தம்பி செத்ததற்குப் பழி வாங்கினானாம். பசியோடும் பயத்தோடும் இருந்த சனத்துக்குக் கோபத்தை இறக்கிவைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தவள் நான்.

ஒரு கிழமை கழித்துக் காக்கா வந்தார். என்ன நடந்தது என்று ஒருவரும் அவருக்குச் சொல்லியனுப்பவில்லை. மச்சானைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருப்பார். எங்கள் ஒழுங்கை முகப்பில் பெண்கள் சைக்கிளை மறித்துக்கொண்டு நின்றார்கள். சத்தம் கேட்டு நான் படலைக்கு வந்தேன். ஒருத்தி மண்ணை அள்ளி அவர் மேல் எறிந்தாள். “பன்னிரண்டு உசிர்டா” என்று கத்தினா அக்கா. “திரும்பத் தேயெண்டு சொல்லித் திண்டுட்டியேடா!”

அவர் மண்ணைத் துடைக்கவில்லை. அவர்களுடைய தலைகளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். அவருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அவர் முகத்தில் அதைக் கண்டேன். நான் சொல்வேன் என்று காத்து நின்றார். நன்றாக, நிறைய நேரம் நின்றார். என் கை படலைத் தடியில் இருந்தது. நான் பேசவில்லை.

அவரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ‘இவதான் சொன்னது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததில்லை.

பன்னிரண்டு பேரில் ஒருவரும் திரும்பி வரவில்லை. அவர்களை முதல் கிழமையிலேயே முடித்திருப்பார்கள், கார் போயிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆறுதலுக்குச் சொல்கிறார்கள். என் கணவர் முதல் கிழமையிலேயே செத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் பெண்டாட்டியாக என்னை ஆக்குகிற ஆறுதல் அது. சில நாட்களில் நான் அப்படி வேண்டிக்கொண்டும் இருக்கிறேன்.

சமாதானம் பேசிய காலத்தில் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து காரை வாங்கி ஏற்றிக்கொண்டு போனார். பச்சை நிறத்தைத் தடவிப் பார்த்து, இப்படிப்பட்ட வேலையைத் தான் கண்டதில்லை என்றார். காக்கா அதற்குள் மௌத்தாகியிருந்தார். சாவுச் செய்தி கேள்விப்பட்டும் நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

சில வருடங்களுக்கு முன், காணாமல் போனவர்களின் சொந்தக்காரர் படங்களைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் இருக்கும் நாளொன்றில், நானும் அக்காவும் வழக்கம்போல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. மகன்மாரின் படத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தா, நான் திருப்பிக் கொடுத்தேன். எங்கள் கதைகளைப் பதிந்துவைப்பதற்காக ஒரு பிள்ளை ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து எங்கள் முன்னால் குந்தினாள். நல்ல, பொறுமையான பிள்ளை. அக்கா அவளுக்குச் சுற்றிவளைப்பைச் சொன்னா, காரைச் சொன்னா, நாங்கள் தேய்த்ததைச் சொன்னா. பிறகு காக்காவின் முழுப் பெயரையும் அவருடைய தகப்பன் பெயரையும் சொல்லி, அவர்தான் வேண்டுமென்று பன்னிரண்டு நாளை இழுத்து எங்கள் ஆட்களைக் கொன்றவர் என்று சொன்னா.

அந்தப் பிள்ளை கருவியை என் பக்கம் நீட்டினாள். “நீங்களும் அங்க இருந்தீங்கதானே டீச்சர்? இது சரியா?”

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தா.

“ஓம்” என்றேன்.